ஆன் செய்வது நம் கையில், ஆஃப் செய்வது கரண்ட்டின் கையில்

சீலிங் ஃபேன் ரெகுலேட்டரின் குமிழைத் திருப்புகிறோம், காற்று குறைகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் "வோல்டேஜைக் குறைக்குது" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். சுவரில் தனியாகத் தொங்கிய பழைய பெட்டி ரெகுலேட்டருக்கு அந்தப் பதில் பொருந்தும். அதற்குள் கம்பிச் சுருள் ரெசிஸ்டன்ஸ் இருந்தது. ஃபேனுக்குப் போக வேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கைச் சூடாக்கி வீணடித்துத்தான் அது வேகத்தைக் குறைத்தது. தொட்டுப் பார்த்தால் கை சுடும்.

இன்றைக்கு சுவிட்ச் போர்டுக்குள் அடங்கிவிடும் ரெகுலேட்டர்கள் இரண்டு வகை. 'டக் டக்' என்று நான்கைந்து இடங்களில் நிற்பது கண்டன்சர், அதாவது கெப்பாசிட்டர் வகை. தடையில்லாமல் வழுக்கிக்கொண்டே திரும்புவது ட்ரையாக் என்ற சிலிக்கான் சுவிட்ச் உள்ள வகை. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. அது வோல்டேஜைக் குறைப்பதே இல்லை. நொடிக்கு 100 முறை ஃபேனை அணைக்கிறது, 100 முறை மறுபடி போடுகிறது. அணைத்து வைத்திருக்கும் நேரம் கூடினால் காற்று குறையும், குறைந்தால் காற்று கூடும். அவ்வளவுதான்.

இதில் ஒரு திருத்தத்தை இப்போதே சொல்லிவிட வேண்டும். போடுவது ரெகுலேட்டர், அணைப்பது ரெகுலேட்டர் அல்ல. ட்ரையாக்குக்கு ஆன் ஆகத் தெரியும், தானாக ஆஃப் ஆகத் தெரியாது. இந்த ஒரு குணத்தை மனதில் வைத்துக்கொண்டால் ஃபேன் ஏன் முனகுகிறது, எல்இடி பல்பு ஏன் மினுக்குகிறது, மோட்டார் ஏன் சுடுகிறது, டிரான்ஸ்ஃபார்மர் ஏன் ஃபியூஸை எரிக்கிறது என்று எல்லாவற்றையும் அதிலிருந்தே பிடித்துவிடலாம்.

ஒரு பல்பும் ஒரு அடாப்டரும்

இந்தக் குணத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு 230 வோல்ட் தேவையில்லை. 12 வோல்ட் 2 ஆம்பியர் டிசி அடாப்டர், 12 வோல்ட் 5 வாட் வண்டி பல்பு, பிடி 136 (BT136) என்ற ட்ரையாக் ஒன்று, 220 ஓம் ரெசிஸ்டர் போதும்.

எழுத்து நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடி 136-ஐப் பிடித்தால் இடது கால் எம்டி 1, நடுக்கால் எம்டி 2, வலது கால் கேட். கரண்ட் ஓடுவது இரண்டு எம்டி முனைகளுக்கு இடையே, அதைத் தொடங்கிவைப்பது கேட். அடாப்டரின் பிளஸ்ஸிலிருந்து பல்பு வழியாக எம்டி 2-க்கு ஒரு வயர். மைனஸை எம்டி 1-இல் கொடுங்கள். பல்பு எரியாது. இப்போது 220 ஓம் ரெசிஸ்டரின் ஒரு முனையை எம்டி 2-இலும் மறுமுனையைக் கேட்டிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். பல்பு பளிச்சென்று எரியும். ரெசிஸ்டரை எடுத்த பிறகும் எரிந்துகொண்டே இருக்கும். கேட்டை எம்டி 1-உடன் சேர்த்துப் பிடித்தாலும் அணையாது. அடாப்டரைப் பிடுங்கினால்தான் அணையும். பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், அப்போதும் இதேதான் நடக்கும். இரண்டு திசையிலும் இப்படி நடந்தால் அந்த ட்ரையாக் நன்றாக இருக்கிறது என்று பொருள். கழற்றி வந்த பழைய ட்ரையாக்கை நம்பலாமா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

உள்ளே நான்கு அடுக்கு சிலிக்கான் இருக்கிறது, பி-என்-பி-என் என்று மாறி மாறி. அதை ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்ட இரண்டு டிரான்சிஸ்டர்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். கேட்டில் வரும் சிறு மின்னோட்டம் ஒன்றை எழுப்ப, அது மற்றொன்றை எழுப்ப, அது திரும்பவும் முதலாவதைத் தாங்கிப் பிடிக்கிறது. அதன் பிறகு கேட்டுக்கு வேலை இல்லை. ஒரே திசையில் இப்படி வேலை செய்வது எஸ்சிஆர் எனப்படும் தைரிஸ்டர். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1957-இல் அதைச் செய்து காட்டியது. இரண்டு எஸ்சிஆர்களை எதிரெதிராக ஒரே சில்லில் அடக்கியதற்குச் சமமானதுதான் ட்ரையாக். அது 1960-களில் அங்கிருந்தே வந்தது.

பிடித்த கையை விடுவது எப்போது? ஓடும் கரண்ட் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்போது. அதற்கு ஹோல்டிங் கரண்ட் என்று பெயர். பிடி 136-க்கு அது அதிகபட்சம் 15 மில்லி ஆம்பியர். டிசியில் கரண்ட் இறங்குவதே இல்லை, அதனால் பல்பு அணையவில்லை. ஏசியில் 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை கரண்ட் தானாகவே பூஜ்யத்தைத் தொடுகிறது. நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒவ்வொரு அரை அலைக்கும் ஆயுள் அந்த 10 மில்லி செகண்ட்தான். ட்ரையாக்கை அணைக்கும் வேலையை அந்தப் பூஜ்யமே செய்துவிடுகிறது.

ரெகுலேட்டருக்குள் ஐந்தாறு பாகங்கள்

குமிழைக் கழற்றி உள்ளே பார்த்தால் ஒரு ட்ரையாக், குமிழோடு சேர்ந்து மாறும் ரெசிஸ்டரான ஒரு பொட்டென்ஷியோமீட்டர் (470 கே அல்லது 500 கே, ஒரு கே என்பது ஆயிரம் ஓம்), அதனுடன் தொடராக 4.7 கே அல்லது 10 கே ரெசிஸ்டர், 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், நீல நிறத்தில் சின்னதாக டிபி 3 என்ற டயாக். நல்ல தயாரிப்பாக இருந்தால் ரேடியோ கரகரப்பை அடக்க ஒரு சுருளும், ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஸ்னப்பரும் இருக்கும்.

நம் வயரிங்கில் ரெகுலேட்டர் பெட்டிக்கு நியூட்ரல் வருவதில்லை, ஃபேஸ் மட்டும் வந்து போகும். ஆகவே இந்தச் சுற்று ட்ரையாக்கின் இரண்டு முனைகளுக்கு இடையிலிருந்தே தனக்கான மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. அரை அலை தொடங்கும்போது ட்ரையாக் மூடியிருக்கிறது, அதாவது கரண்ட்டை விடவில்லை. பொட்டென்ஷியோமீட்டர் வழியாகக் கெப்பாசிட்டர் மெதுவாக நிரம்புகிறது. அதன் வோல்டேஜ் 32-ஐ ஒட்டி வந்ததும் டயாக் திறக்கிறது. கெப்பாசிட்டரில் சேர்ந்திருந்தது ஒரே மூச்சில் கேட்டுக்குள் பாய்கிறது. ட்ரையாக் திறக்கிறது. கரண்ட் பூஜ்யத்துக்கு வரும்வரை திறந்தே இருக்கும். அடுத்த அரை அலைக்கு எல்லாம் முதலிலிருந்து.

காலியான 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரிலிருந்து கணக்குப் போட்டால், பாதையில் 47 கே இருக்கும்போது 32 வோல்ட்டை எட்ட சுமார் 1.8 மில்லி செகண்ட் ஆகும். 100 கே என்றால் சுமார் 2.7. 470 கே என்றால் ஏறக்குறைய 7. குமிழின் வேலை இந்தத் தாமதத்தை நீட்டுவதும் சுருக்குவதும்தான். தொடராக இருக்கும் அந்தச் சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடிக்கலாம் என்று விட்டுவிடக் கூடாது. குமிழ் பூஜ்யத்துக்கு வரும்போது கெப்பாசிட்டருக்கும் டயாக்குக்கும் பாயும் கரண்ட்டைக் கட்டுப்படுத்துவது அது ஒன்றுதான். அது இல்லாத மலிவு டிம்மர்களில் பொட்டென்ஷியோமீட்டரின் கார்பன் தடம் ஒரு முனையில் கருகிப் போயிருக்கும்.

தாமதத்துக்கும் கிடைக்கும் பவருக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல. ஹீட்டர், குண்டு பல்பு போன்ற சுமையில் தொடக்கத்திலிருந்து 1.67 மில்லி செகண்டை வெட்டினாலும் 97 சதவீத பவர் போய்ச் சேர்கிறது. 3.33-ஐ வெட்டினால் 80 சதவீதம். சரிபாதியான 5-இல் வெட்டினால் 50. 6.67-இல் 20-க்குச் சற்றுக் கீழே. 8.33-இல் 3 கூட முழுதாக இல்லை. அலையின் சதை நடுவில்தான் இருக்கிறது. குமிழின் இரு ஓரங்களிலும் திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒன்றும் மாறாமல், நடுவில் மட்டும் சட்டென்று மாறுவதற்குக் காரணம் இதுவே.

இங்கே மல்டிமீட்டரும் ஏமாற்றும். சரிபாதியில் வெட்டிய அலையின் உண்மையான ஆர்எம்எஸ் வோல்டேஜ், அதாவது அதே சூட்டைத் தரும் டிசி வோல்டேஜ், 163. மலிவான மீட்டர் சராசரியை எடுத்து, முழு சைன் அலை என்று நம்பிக்கொண்டு 115 என்று காட்டும். மீட்டர் பழுது என்றோ ரெகுலேட்டர் பழுது என்றோ முடிவு கட்டாதீர்கள். ட்ரூ ஆர்எம்எஸ் என்று எழுதிய மீட்டரில்தான் இந்த அலையை அளக்க வேண்டும்.

டிம்மரில் எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய இன்னொன்று: குறைந்த நிலையிலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் பல்பு மெல்ல எரியத் தொடங்காது. ஓரிடத்தில் திடீரென்று நடுத்தர வெளிச்சத்தில் எரியும். அதன் பிறகு குறைத்தால் மங்கலாக இறங்கும். டயாக் ஒருமுறைகூடத் திறக்காத நிலையில் கெப்பாசிட்டர் ஒவ்வொரு அரை அலையையும் முந்தைய அலையின் எதிர்மின்னூட்டத்தைச் சுமந்துகொண்டுதான் தொடங்குகிறது. அதைக் கரைத்துவிட்டு 32 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். ஒருமுறை டயாக் திறந்து கெப்பாசிட்டரை வடித்துவிட்டால் அடுத்த முறை கரைக்க வேண்டிய எதிர்மின்னூட்டம் குறைவு, அதனால் சீக்கிரமே எட்டிவிடுகிறது. 15 கே அளவில் ஒரு ரெசிஸ்டரும் இரண்டாவதாக ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்த்து இரட்டைச் சுற்றாக்கினால் இந்தத் துள்ளல் பெருமளவு அடங்கும்.

மோட்டார் என்று வந்துவிட்டால்

பல்பில் வோல்டேஜும் கரண்ட்டும் ஒன்றாகவே பூஜ்யத்தைத் தொடும். மோட்டாரில் கரண்ட் பின்தங்கி வரும். பவர் ஃபேக்டர் என்பது இந்தப் பின்தங்கலைச் சொல்லும் எண். அது 0.7 உள்ள மோட்டாரில் பின்தங்கல் 45 டிகிரி, அதாவது 2.5 மில்லி செகண்ட். வோல்டேஜ் எதிர்த்திசைக்குப் போய் வெகுதூரம் ஏறிய பிறகுதான் கரண்ட் பூஜ்யத்துக்கு வரும். ட்ரையாக் அணைவது கரண்ட்டின் பூஜ்யத்தில் என்று பார்த்தோம். அப்படியானால் அது அணையும் அந்தக் கணத்தில் வெளியே ஏற்கெனவே இருநூறுக்கு மேற்பட்ட வோல்ட் எதிர்த்திசையில் காத்திருக்கிறது. அணைந்த மறுகணமே அந்த வோல்டேஜ் மொத்தமும் ட்ரையாக்கின் மேல் வந்து விழுகிறது.

சிலிக்கானுக்குள் இன்னும் வெளியேறாத மின்னூட்டம் மிச்சம் இருக்கும். திடீரென ஏறும் வோல்டேஜ் அந்த மிச்சத்தையே கேட் கரண்ட்டாக்கி ட்ரையாக்கை மறுபடி திறந்துவிடும். யாரும் கேட்டைத் தொடவில்லை, ஆனாலும் ஆன். விளைவு, குமிழை எங்கே வைத்தாலும் மோட்டார் முழு வேகத்தில் ஓடும், அல்லது வேகம் நிலையில்லாமல் அலையும். ட்ரையாக்கைக் கழற்றிச் சோதித்தால் அது நல்ல நிலையில் இருக்கும். புதிதாகப் போட்டதும் அதையேதான் செய்யும். பலரை அலைக்கழிக்கும் பழுது இது.

மருந்து ஸ்னப்பர். எம்டி 1-க்கும் எம்டி 2-க்கும் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.01 முதல் 0.1 மைக்ரோ ஃபாரட் வரையுள்ள கெப்பாசிட்டரும் தொடராக. கெப்பாசிட்டர் வோல்டேஜ் ஏறும் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. ரெசிஸ்டர் எதற்கு? அது இல்லையென்றால் ட்ரையாக் திறக்கும் கணத்தில் 325 வோல்ட்டில் நிரம்பிய கெப்பாசிட்டர் முழுவதும் அதற்குள் கொட்டும். 100 ஓம் இருந்தால் அது 3.25 ஆம்பியரோடு நிற்கும். கெப்பாசிட்டர் எக்ஸ் 2 என்று குறித்த, 275 வோல்ட் ஏசி தாங்கும் வகையாக இருக்க வேண்டும். 400 வோல்ட் டிசி என்று போட்ட சாதாரணக் கெப்பாசிட்டர் இங்கே நீடிக்காது. லைனில் ஒரு சர்ஜ் (திடீர் வோல்டேஜ் ஏற்றம்) வந்தால் அது ஷார்ட் ஆகும், அப்புறம் ரெசிஸ்டர் புகையும்.

ஸ்னப்பரே வேண்டாம் என்று வடிவமைத்த ட்ரையாக்குகளும் உண்டு. பிடிஏ 12-600 பிடபிள்யூ என்பதுபோல் பெயரின் கடைசியில் பிடபிள்யூ, சிடபிள்யூ என்று வருபவை. மோட்டாருக்கு நான் முதலில் எடுப்பது இவற்றைத்தான். ஒரு நிபந்தனை: எம்டி 2 மைனஸாக இருக்கும்போது கேட்டில் பிளஸ் கொடுத்தால் இவை திறக்காது. டயாக் சுற்றிலும் ஆப்டோ (எல்இடி ஒளியால் மறுபக்கத்தைத் திறக்கும் பாகம்) சுற்றிலும் கேட்டின் திசை எம்டி 2-இன் திசையோடு சேர்ந்தே மாறுவதால் சிக்கல் இல்லை. மைக்ரோகன்ட்ரோலரின் (புரோகிராம் எழுதி இயக்கும் சில்லு) காலிலிருந்து நேராகக் கேட்டை இயக்குபவர்கள் கவனிக்க வேண்டும்.

ஃபேனின் முனகலுக்கு வருவோம். நடுவில் வெட்டிய அலை வெறும் 50 ஹெர்ட்ஸ் அல்ல. 150, 250, 350 என்று ஒற்றைப்படை மடங்குகள் அதற்குள் நிறைய. மோட்டாரின் தகடுகளும் சுருளும் அந்த அதிர்வெண்களுக்கெல்லாம் துடிக்கும். ஆகவே நடுவேகத்தில்தான் முனகல் அதிகம், முழுவேகத்தில் அடங்கிவிடும். ஸ்னப்பரைக் கூட்டினாலும் இது போகாது. இரவில் சத்தமில்லாத ஃபேன் வேண்டுமென்றால் கண்டன்சர் வகை ரெகுலேட்டர்தான் சரி. அது சைன் அலையை வெட்டுவதில்லை. படுக்கையறைக்கு நான் சொல்வது எப்போதும் அதைத்தான்.

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் ரெகுலேட்டரைக் குற்றம் சொல்லுமுன் ஃபேனின் சொந்தக் கண்டன்சரைப் பாருங்கள். 2.5 மைக்ரோ ஃபாரட் என்று போட்டது 1.5-க்கு இறங்கியிருக்கும். முழுவேகத்தில் வைத்தும் மந்தமாக இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

எல்இடி பல்பும் பேய் வெளிச்சமும்

60 வாட் குண்டு பல்பு 260 மில்லி ஆம்பியர் இழுக்கும். 9 வாட் எல்இடி சராசரியாக 40-ஐ ஒட்டி, அதுவும் அலை முழுக்க ஒரே சீராக இழுக்காது. பிடி 136-இன் ஹோல்டிங் கரண்ட்டுக்கு அருகிலேயே ஊசலாடும். ட்ரையாக் திறக்கிறது, கரண்ட் போதாமல் நடுவழியில் கையை விடுகிறது, மறுபடி திறக்கிறது. கண்ணுக்கு மினுக்கல். டிம்மபிள் என்று எழுதாத எல்இடியைப் பழைய டிம்மரில் போட்டால் அதன் டிரைவர், அதாவது உள்ளே கரண்ட்டைப் பார்த்துக்கொள்ளும் சுற்று, சீக்கிரமே போய்விடலாம்.

ஸ்னப்பர் இங்கே இன்னொரு வேலையும் செய்கிறது. 0.1 மைக்ரோ ஃபாரட் வழியாக 230 வோல்ட்டில் 7 மில்லி ஆம்பியர் எப்போதும் கசியும். ட்ரையாக் முழுதாக மூடியிருந்தாலும் எல்இடி மங்கலாக எரிய அதுவே தாராளம். 0.01-க்கு மாற்றினால் கசிவு 0.7-க்கு இறங்கும்.

மங்கல் வெளிச்சம் ஒரு தொல்லை, அவ்வளவே. அதன் பின்னால் இருக்கும் ஆபத்து பெரியது. ட்ரையாக் மூடியிருக்கிறது என்பதால் லைன் துண்டிக்கப்பட்டது என்று பொருள் இல்லை. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் டெஸ்டர் வைத்தால் எரியும். எஸ்எஸ்ஆர் என்று விற்கும் சாலிட் ஸ்டேட் ரிலேக்கும் இது அப்படியே பொருந்தும். வேலை பார்ப்பதற்கு முன்னால் எம்சிபியை (சர்க்யூட் பிரேக்கர்) இறக்க வேண்டும். ரிமோட்டில் அணைத்திருக்கிறேன், ரெகுலேட்டரைப் பூஜ்யத்தில் வைத்திருக்கிறேன் என்று நம்பிக் கையை வைக்கக் கூடாது.

ஹீட்டருக்கு வேறு வழி

முட்டை அடைகாக்கும் பெட்டி, சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி ஹீட்டர் போன்றவற்றுக்கு அலையை வெட்டவே வேண்டாம். சூடு ஏற இறங்க நேரம் எடுக்கும். முழு அலைகளாக எண்ணிக் கொடுத்தால் போதும். ஒரு நொடியில் 50 அலை. 30 சதவீத பவர் வேண்டுமா, 15 அலையை உள்ளே அனுப்பி 35 அலையை நிறுத்து. ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் பூஜ்யத்தில் இருக்கும்போது திறப்பதால் ரேடியோவில் கரகரப்பு இல்லை, சுருள் தேவையில்லை. எம்ஓசி 3041, எம்ஓசி 3063 ஆகிய ஆப்டோக்கள் இந்தப் பூஜ்யத்தைத் தாமே பார்த்துத் திறப்பவை. எம்ஓசி 3021 சொன்ன கணத்திலேயே திறக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் 3041-ஐப் போட்டு ஃபேன் வேகத்தைக் குறைக்க முயன்றால் ஃபேன் ஒன்று முழுவேகத்தில் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். இடைநிலையே வராது.

பூஜ்யத்தில் திறப்பது எல்லாவற்றுக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியை அப்படி ஆன் செய்பவர்கள் உண்டு. அங்கே அதுதான் மிக மோசமான இடம். வோல்டேஜ் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் இரும்புக் கோரின் காந்தப்பாயம் முதல் அரை அலையில் வழக்கமான உச்சத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்குக்குப் போகப் பார்க்கும். கோர் திணறி, சுருளின் வெறும் ரெசிஸ்டன்ஸ் மட்டும் மிஞ்சி, கரண்ட் எகிறும், ஃபியூஸ் எரியும். டிரான்ஸ்ஃபார்மரை வோல்டேஜின் உச்சத்தில் ஆன் செய்ய வேண்டும்.

சூட்டுக் கணக்கு எளிது. திறந்த ட்ரையாக்கின் குறுக்கே ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல் விழும். ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீட் சிங்க் இல்லாத பிடி 136 ஒரு வாட்டுக்கு 60 டிகிரி சுடும். ஒரு ஆம்பியர் ஓடினால், வெயில் காலத்தில் பெட்டிக்குள் 45 டிகிரி இருக்கும்போது, உள்ளே சிலிக்கான் 110-ஐத் தாண்டும். அதன் எல்லை 125. பெயரில் 4 ஆம்பியர் என்று இருப்பது நல்ல ஹீட் சிங்குடன் மட்டுமே. 75 வாட் ஃபேனுக்கு 0.3 ஆம்பியர்தான், சிங்க் வேண்டாம். 1000 வாட் ஹீட்டருக்கு 4.3 ஆம்பியர். அதற்கு பிடி 136-ஐ நினைக்காதீர்கள். பிடிஏ 16-ஐ ஹீட் சிங்குடன் போடுங்கள். 40 ஆம்பியர் எஸ்எஸ்ஆரும் அப்படித்தான், 10 ஆம்பியர் ஓடினாலே 10 வாட்டுக்கு மேல் சூட்டைத் துப்பும்.

ஹீட் சிங்க் பற்றிய ஒரு முக்கியமான எச்சரிக்கை. பிடி 136, பிடி 139, பிடிபி வரிசை ட்ரையாக்குகளின் உலோக முதுகு எம்டி 2-உடன் இணைந்தது. அதாவது ஹீட் சிங்கே ஃபேஸ். பிடிஏ என்று 'ஏ' வரும் வரிசையில் முதுகு உள்ளேயே காப்பிடப்பட்டது. முதல் வகையை உலோகப் பெட்டியில் முறுக்க வேண்டுமென்றால் மைகா ஷீட்டும் பிளாஸ்டிக் புஷ்ஷும் கட்டாயம், பெட்டிக்கு எர்த்தும் கட்டாயம்.

மைக்ரோகன்ட்ரோலரில் செய்பவர்களுக்கு

முதலில் பூஜ்யத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 47 கே அரை வாட் ரெசிஸ்டர் இரண்டைத் தொடராகப் போட்டு எச் 11 ஏஏ 1 ஆப்டோவுக்குக் கொடுங்கள். இரண்டு எதற்கு என்றால், லைன் வோல்டேஜ் முழுவதையும் ஒரே சின்ன ரெசிஸ்டரின் மேல் விழவிடக் கூடாது. லைனின் உச்சம் 325. ஒன்று ஷார்ட் ஆனாலும் மற்றொன்று காக்கும். இந்த ஆப்டோ துல்லியமாகப் பூஜ்யத்தில் சொல்லாது. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கியதும் துடிப்பு தொடங்கி, மறுபுறம் கொஞ்சம் ஏறியதும் முடியும். உண்மையான பூஜ்யம் அந்தத் துடிப்பின் நடுவில் இருக்கும். அதை அளந்து கழித்துக்கொள்ளுங்கள்.

பிறகு எம்ஓசி 3021. அதன் எல்இடிக்கு 15 மில்லி ஆம்பியர் வேண்டும், மைக்ரோகன்ட்ரோலரின் 5 வோல்ட் காலிலிருந்து 220 ஓம் சரியாக இருக்கும். 3.3 வோல்ட் போர்டு என்றால் 5 மில்லி ஆம்பியரில் வேலை செய்யும் எம்ஓசி 3023-ஐ வாங்குங்கள். ஆப்டோவின் வெளியீட்டிலிருந்து ஒரு கால் 330 அல்லது 360 ஓம் வழியாக எம்டி 2-க்கும் மறுகால் கேட்டுக்கும் போக வேண்டும். எம்டி 1-இலிருந்து எடுத்தால் ஒன்றும் நடக்காது, கேட்டைத் தள்ள அங்கே வோல்டேஜே இல்லை. புதிதாகச் செய்பவர்கள் அதிகமாகச் செய்யும் பிழை இது.

கேட் துடிப்பின் நீளத்தில்தான் மோட்டார்கள் எரிகின்றன. பல்புக்கு 100 மைக்ரோ செகண்ட் போதும். மோட்டாரில், முந்தைய அரை அலையின் கரண்ட் இன்னும் பூஜ்யத்தைத் தொடாதபோது துடிப்பு வந்து போய்விட்டால், அது வீண். ட்ரையாக் அப்போது ஏற்கெனவே எதிர்த்திசையில் திறந்திருக்கிறது. கரண்ட் பூஜ்யத்துக்கு வந்து அணையும்போது கேட்டில் எதுவும் இல்லை. அந்த அரை அலை முழுக்கத் தப்பிவிடும். அடுத்தது திறக்கும், அதற்கடுத்தது தப்பும். மோட்டாருக்கு ஒரே திசை கரண்ட், அதாவது டிசி, போய்க்கொண்டே இருக்கும். உறுமும், வேகம் எடுக்காது, சில நிமிடங்களில் வார்னிஷ் வாசனை வரும். இதற்கு வழி, தொடங்கிய கணத்திலிருந்து அரை அலை முடியும்வரை துடிப்புகளைத் தொடர்ந்து அடிப்பது. ஆனால் 9 மில்லி செகண்டில் கட்டாயம் நிறுத்திவிட வேண்டும். அடுத்த அரை அலைக்குள் வழிந்தால் தொடக்கத்திலேயே திறந்து முழு பவர் போய்விடும்.

பழுதும் பாதுகாப்பும்

ட்ரையாக் சாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். குமிழை எங்கே வைத்தாலும் முழுவேகம் என்றால், லைனை அணைத்துவிட்டு எம்டி 1, எம்டி 2 இடையே ஓம் பாருங்கள். நல்லதில் இரு திசையிலும் மெகா ஓம். கேட்டுக்கும் எம்டி 1-க்கும் இடையே சில பத்திலிருந்து சில நூறு ஓம் காட்டுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஃபியூஸ் இதைக் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். பிடி 136 ஒரே ஒரு அலைக்கு 25 ஆம்பியரைத் தாங்கும். குண்டு பல்பின் இழை அறுந்து உள்ளே பொறி பறக்கும்போது அதைவிட அதிகம் ஓடும். 6 ஆம்பியர் எம்சிபி விழுவதற்குள் ட்ரையாக் போய்ச் சேர்ந்துவிடும். எம்சிபி வயரிங்கைக் காப்பதற்கு. சிலிக்கானைக் காக்கப் பெரிய ட்ரையாக் போடுவதே மலிவான வழி. சர்ஜுக்கு 14டி 471 எம்ஓவி (வோல்டேஜ் எல்லை மீறினால் அதைத் தன் வழியே வடித்துவிடும் பாகம்) ஒன்றைக் குறுக்கே போடலாம். நியூட்ரல் அறுந்து வீட்டுக்குள் 400 வோல்ட் வரும் தெருக்களில் அது வெடித்து வழிவிடும், ஆகவே அதற்கு முன்னால் ஃபியூஸ் இருக்க வேண்டும். 600 வோல்ட்டுக்குப் பதில் 800 வோல்ட் ட்ரையாக் கிடைத்தால் அதையே போடுங்கள்.

ஷார்ட் ஆகிச் சாகும் என்பதை ஹீட்டர் செய்பவர்கள் ஒருபோதும் மறக்கக் கூடாது. எஸ்எஸ்ஆர் செத்தால் ஹீட்டர் அணையாது, எரிந்துகொண்டே இருக்கும். கன்ட்ரோலர் 'ஆஃப்' என்று காட்டிக்கொண்டிருக்கும். தனியாக ஒரு தெர்மல் கட்-அவுட், அதன் வழியாக இயங்கும் கான்டாக்டர் (பெரிய ரிலே), இவை இல்லாமல் ஹீட்டரை ஆளில்லாத அறையில் விடாதீர்கள்.

அணைக்கவும் தெரிந்த சுவிட்ச்

அணைக்கும் உரிமையும் நம் கையில் வேண்டுமென்றால் கேட் சொன்னபடி ஆனும் ஆஃபும் ஆகும் டிரான்சிஸ்டர்களான மாஸ்ஃபெட்டுக்கோ ஐஜிபிடிக்கோ போக வேண்டும். 600 வோல்ட் என்-சேனல் மாஸ்ஃபெட் இரண்டை சோர்ஸோடு சோர்ஸ் சேர்த்து முதுகுக்கு முதுகாக வைத்தால் ஏசியை எந்தக் கணத்திலும் திறக்கலாம், எந்தக் கணத்திலும் மூடலாம். எல்இடிக்கான டிரெய்லிங் எட்ஜ் டிம்மர் இப்படித்தான். பூஜ்யத்தில் மெல்லத் திறந்து அலையின் பின்பாதியை வெட்டுகிறது. ஹோல்டிங் கரண்ட் என்ற பேச்சே இல்லை, எல்இடி டிரைவரின் கெப்பாசிட்டருக்குள் திடீரென்று கரண்ட் பாய்வதும் இல்லை. எல்இடிக்கு இதையே வாங்குங்கள்.

ஆனால் இதை ஃபேனுக்குப் போடக் கூடாது. மோட்டார் சுருளில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் அறுத்தால் சுருளில் சேர்ந்த ஆற்றல் போக இடமில்லாமல் நூற்றுக்கணக்கான வோல்ட் ஈட்டியாகக் கிளம்பி மாஸ்ஃபெட்டைத் துளைக்கும். கரண்ட் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருக்கும் ட்ரையாக்கின் அந்தப் பிடிவாதம் மோட்டாருக்கு ஒரு பாதுகாப்பாகவே அமைந்துவிடுகிறது.

இப்போது 30 வாட்டை ஒட்டி ஓடும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன்கள் வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்குள் ஏசி முதலில் டிசியாகி, பிறகு உள்ளேயே இருக்கும் மாஸ்ஃபெட்டுகள் வேகத்தைப் பார்த்துக்கொள்கின்றன. அவற்றை மாட்டும்போது போர்டில் இருக்கும் பழைய ரெகுலேட்டரை 'ஃபுல்'லில் வைத்துவிட்டால் போதும் என்று விடுகிறார்கள். ஃபுல்லிலும் ட்ரையாக் ஒவ்வொரு அரை அலையிலும் சற்றுத் தாமதித்தே திறக்கிறது. யாராவது குமிழைத் திருப்பினால் ஃபேனின் உள்ளீட்டுக் கெப்பாசிட்டர் நொடிக்கு 100 முறை அதிர்ச்சி வாங்கும். எம்சிபியை இறக்கி, ரெகுலேட்டரின் இரண்டு வயரையும் கழற்றி, அவற்றைக் கனெக்டரில் ஒன்றாகச் சேர்த்து முறுக்கிவிட்டு, குமிழ் இருந்த ஓட்டைக்கு ஒரு டம்மி பிளேட் போடுங்கள்.